மதுரையிலிருந்து பந்திப்பூர் வரை: குடும்பத்தோடு எட்டுக் காடுகள், 11 நாள் கார்ப் பயணம் – முழுமையான வழிகாட்டி

அழகர் மலைக்குத் திரும்பிவிட்டார், பள்ளிக்கூடங்கள் மூடிவிட்டன, கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. இந்த மூன்றும் கூடி வரும் வாரத்தில் மதுரையில் யாரைக் கேட்டாலும் கொடைக்கானல் என்பார்கள். கொடைக்கானலை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விடியற்காலையில் நம் ஊரில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு புலிகள் காப்பகத்தின் வாசலில் போய் நிற்கலாம். அங்கிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையைப் பிடித்துக்கொண்டே வடக்கே போனால் பெரியாறு, இரவிகுளம், சின்னாறு, ஆனைமலை, பரம்பிக்குளம், முதுமலை, பந்திப்பூர், சத்தியமங்கலம் என்று எட்டுக் காடுகளை, மூன்று மாநிலங்களில், ஏறத்தாழ 1,000 கிலோமீட்டரில் பார்த்துவிட்டு வீடு திரும்பலாம். போன வருடம் மே மாதம் நான், மனைவி, 12 வயது மகள், 8 வயது மகன், 67 வயது அம்மா என ஐந்து பேரும் எங்கள் சொந்தக் காரில் போய் வந்த பாதை இது.

அதற்கு மூன்று வருடம் முன்பு இதே பாதையை ஐந்து நாளில் முடிக்கப் பார்த்தோம். ஒவ்வொரு காட்டுக்கும் உச்சி வெயிலில் போய்ச் சேர்ந்தோம். விலங்குகள் எல்லாம் நிழலில் படுத்திருக்கும் நேரத்தில் நாங்கள் டிக்கெட் வரிசையில் நின்றோம். மகன் ஒவ்வொரு மலை இறக்கத்திலும் வாந்தி எடுத்தான். அதில் கற்றுக்கொண்டதுதான் இந்த வழிகாட்டியின் அடிப்படை: தங்கும் ஒவ்வொரு காட்டிலும் இரண்டு இரவு. இரண்டு இரவு தங்கினால் நடுவில் ஒரு முழு விடியலும் ஒரு முழு அந்தியும் கிடைக்கும். காடு வெளியே வருவது அந்த இரண்டு நேரத்தில்தான். நாள் போதவில்லை என்றால் ஊர்களைக் குறைத்துக்கொள்ளுங்கள், இரவுகளைக் குறைக்காதீர்கள்.

முதல் படி: நாள் குறிப்பது

மே முதல் வாரத்திலிருந்து 25ஆம் தேதிக்குள் பயணத்தை முடித்துவிடுவது நல்லது. ஜூன் முதல் தேதியை ஒட்டித் தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் இறங்கும். அதன் பிறகு மூணாறு சாலைகளில் மண் சரியும், படகுகளும் நிற்கும். ஏப்ரலுக்கு முன்பு போவதில் வேறு சிக்கல். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வரையாடுகள் குட்டி போடும் காலம் என்பதால் இரவிகுளத்தை மூடிவிடுவார்கள். காட்டுத்தீ அபாயம் மிகுந்த வறட்சிக் காலங்களில் முதுமலையிலும் ஆனைமலையிலும் சுற்றுலாவை நிறுத்திவைப்பதுண்டு. 2018 மார்ச்சில் போடிக்கு மேலே குரங்கணி மலையில் பிடித்த தீயில் மலையேறப் போனவர்கள் 23 பேர் இறந்ததைத் தேனிப் பக்கம் இன்னும் யாரும் மறக்கவில்லை. வனத்துறை மூடியிருக்கிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. தெரிந்தவரைப் பிடித்து உள்ளே போகப் பார்க்காதீர்கள்.

மே மாதத்தில் இரண்டு மூன்று கோடை மழை பெய்திருக்கும். புல் துளிர்த்திருக்கும், தீ பயம் குறைந்திருக்கும். ஆனால் காட்டுக்குள் இருக்கும் சிறு குட்டைகள் நிரம்பியிருக்காது. அதனால் விலங்குகள் இன்னும் பெரிய ஏரிகளையும் ஆறுகளையும் தேடித்தான் வரும். பார்க்கப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல காலம் இல்லை.

இரண்டாம் படி: முன்பதிவு

இதைத்தான் முதலில் செய்ய வேண்டும், குறைந்தது 45 நாளுக்கு முன்பு. பெரியாறு காப்பகத்தின் தேக்கடிப் படகு, இரவிகுளம் நுழைவு, ஆனைமலைக் காப்பகத்தின் டாப்சிலிப் அல்லது பரம்பிக்குளம் தங்கும் அறை, முதுமலை அறை ஆகிய நான்கும் கைக்கு வந்த பிறகே மற்ற ஊர்களில் விடுதி தேடுங்கள். எல்லாவற்றுக்கும் அந்தந்த வனத்துறையின் அல்லது அரசுச் சுற்றுலாக் கழகத்தின் இணையதளம் இருக்கிறது. தேடினால் அதே பெயரில், அதே படங்களோடு இடைத்தரகர்களின் தளங்களும் வரும். நாங்கள் அப்படி ஒன்றில் பணம் கட்டி, வாசலில் போய் நின்றபோது எங்கள் பெயரே பட்டியலில் இல்லை. பணம் கட்டும் முன் தொலைபேசியில் காப்பக அலுவலகத்தை ஒரு முறை கூப்பிட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும். 2024 மே 7 முதல் இந்த நடைமுறை இருக்கிறது. 2025 முதல் கோடைக்காலத்தில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிகள்தான் என்று உச்சவரம்பும் வந்துவிட்டது: வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000. ஆகவே நீலகிரி ஏறும் நாளைத் திங்கள் முதல் வியாழனுக்குள் வரும்படி திட்டமிடுங்கள். இந்த விதிகள் மாறக்கூடியவை. கிளம்பும் வாரத்தில் மறுபடி பார்த்துவிடுங்கள்.

தங்கும் இடத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 'காட்டுக்குள்ளேயே' என்று விளம்பரம் செய்யும் தனியார் விடுதிகளில் முன்பு ஒரு முறை தங்கினோம். இரவெல்லாம் விளக்கு வெளிச்சம், பாட்டுச் சத்தம், வேலிக்கு வெளியே எலும்பும் சோறும் கொட்டி மிருகத்தை வரவழைக்கும் பழக்கம். யானைகளின் வழித்தடத்தை மறித்துக் கட்டிய விடுதிகளை மூடும் நடவடிக்கையை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அது நம் முதுமலையை ஒட்டிய சீகூர்ப் பகுதி வழக்கில்தான். வனத்துறை விடுதியில் அறை கிடைத்தால் வசதி கொஞ்சம் குறைந்தாலும் அதையே எடுங்கள். கிடைக்காவிட்டால் குமுளி, பொள்ளாச்சி, நீலகிரிக் கூடலூர் போன்ற ஊருக்குள் தங்கிக்கொண்டு காலையில் காட்டுக்குப் போங்கள்.

மூன்றாம் படி: வண்டி

மதுரை வெயிலில் நன்றாக ஓடும் கார் மலையில் ஓடும் என்று சொல்ல முடியாது. ஒரு வாரம் முன்பே மெக்கானிக்கிடம் விட்டு பிரேக் பேட், பிரேக் ஆயில், கூலன்ட், கிளட்ச், ஸ்டெப்னி எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கோடை மழைக்கு வைப்பர் ரப்பரையும் மாற்றிவிடுங்கள். வருடம் முழுக்க வெயிலில் காய்ந்து கிடந்த ரப்பர் முதல் மழையிலேயே கண்ணாடியைத் துடைக்காமல் தேய்க்கத்தான் செய்யும்.

மலை இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். எந்த கியரில் அந்த மேட்டை ஏறுவீர்களோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் கியரைக் கையால் மாற்றும் நிலைக்குக் கொண்டுவந்து இறங்குங்கள். பிரேக் காய்ந்த வாடை வந்தால் ஓரம்கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது. கொண்டை ஊசி வளைவில் ஏறி வரும் வண்டிக்கு வழி விடுவது மலைப்பாதையின் சட்டம்.

மலையில் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்று குறைத்தே கணக்குப் போட்டால் மொத்தம் 85 லிட்டர் எரிபொருள் ஆகும். கம்பம், மூணாறு, உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி, கூடலூர் ஆகிய ஊர்களில் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். சொந்தக் காருக்கு மாநில எல்லையில் வரி கிடையாது. வாடகைக் கார் என்றால் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் போகப் பெர்மிட் இருக்கிறதா என்று கிளம்பும் முன் கேட்டுவிடுங்கள்.

நான்காம் படி: மூட்டை கட்டுவது

மே மாதமாக இருந்தாலும் மூணாறு விடியலுக்கு ஸ்வெட்டர் வேண்டும். உடைகள் பச்சை, காக்கி, மண் நிறத்தில் இருக்கட்டும்; வெள்ளையும் பளபளப்பும் வேண்டாம். தொலைநோக்கி ஆளுக்கு ஒன்று தேவையில்லை, குடும்பத்துக்கு ஒன்று கட்டாயம் தேவை. கைபேசி சிக்னல் பல இடங்களில் இருக்காது என்பதால் பாதை வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், முன்பதிவுச் சீட்டுகளை அச்செடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிளாஸ்டிக் விஷயத்தில் சோதனைச்சாவடிகளில் கண்டிப்பாக இருப்பார்கள், அது சரியே. ஐந்து லிட்டர் எவர்சில்வர் தண்ணீர்க் கேன் இரண்டு, ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில், நான்கைந்து மஞ்சப்பை எடுத்துக்கொண்டோம். முதல் இரண்டு நாளுக்கு அம்மா புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் வாழை இலையில் கட்டிக் கொண்டுவந்தார். குப்பைக்கென்று மூடி போட்ட வாளி ஒன்று டிக்கியில் இருக்கட்டும். காட்டுக்குள் சாப்பிட இறங்காதீர்கள், அடுப்பு மூட்டவே மூட்டாதீர்கள்.

வாந்தி வரும் பிள்ளைகளுக்கு மலை ஏறும் முன் வயிறு காலியாகவும் இருக்கக் கூடாது, நிறைந்தும் இருக்கக் கூடாது. இரண்டு இட்லி போதும். மருத்துவர் சொன்ன மாத்திரையை ஏற்றத்துக்கு அரை மணி நேரம் முன்பே கொடுத்துவிடுங்கள். ஜன்னலைத் திறந்துவிட்டு, தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். கைபேசி கையில் இருந்தால் எந்த மாத்திரையும் உதவாது.

ஐந்தாம் படி: தேக்கடி (1, 2ஆம் நாள்)

காலை 5 மணிக்குக் கிளம்பினால் உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி, சின்னமனூர், கம்பம் வழியாகக் குமுளி ஏறத்தாழ 140 கிலோமீட்டர். ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டியதும் காற்று மாறுவதை அம்மா கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிட்டார். லோயர்கேம்பில், முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக்கின் மணிமண்டபத்தில் கால் மணி நேரம் நில்லுங்கள். பிள்ளைகள் இங்கே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்கள் பார்க்கப் போகும் தேக்கடி ஏரி இயற்கையான ஏரி இல்லை. 1895இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிந்தபோது காட்டுப் பள்ளத்தாக்குகளில் தேங்கிய தண்ணீர். மேற்கே ஓடிக்கொண்டிருந்த அந்தத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பி, வைகையில் கலந்து, தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் வரை வயல்களுக்குப் போகிறது. நம் வீட்டுச் சோற்றில் இந்தக் காட்டின் பங்கு இருக்கிறது என்று மகளிடம் சொன்னேன்.

பெரியாறு புலிகள் காப்பகம் 925 சதுர கிலோமீட்டர். 1978இல் புலிகள் காப்பகமானது. வெளி வண்டிகளை உள்ளே விடுவதில்லை. காரைக் குமுளியில் நிறுத்திவிட்டு வனத்துறைப் பேருந்தில் படகுத்துறைக்குப் போக வேண்டும். காலை 7.30 மணிப் படகுக்கு மட்டுமே டிக்கெட் எடுங்கள்; அது கிடைக்காவிட்டால் மாலை 3.30 மணிப் படகு. நடுவில் வரும் படகுகள் ஏரியைக் காட்டும், காட்டைக் காட்டாது. உயிர்காப்புச் சட்டையைப் பிள்ளைகளுக்கு நீங்களே இறுக்கிக் கட்டுங்கள். யாராவது விலங்கைப் பார்த்துக் கைநீட்டினால் எழுந்து ஒரே பக்கம் ஓடாதீர்கள். 2009 செப்டம்பர் 30இல் இதே ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள்.

கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது, நூறு வருடத்துக்கு மேல் தண்ணீரில் நிற்கும் பட்ட மரங்களின் அடிக்கட்டைகள் ஏரி முழுக்கக் கறுப்பாக வெளியே தெரியும். அவற்றின் உச்சியில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்து ஈரம் காய வைத்துக்கொண்டிருக்கும். எங்கள் படகு ஒரு திருப்பத்தில் வேகம் குறைத்தபோது கரையில் யானைக்கூட்டம் ஒன்று தண்ணீருக்கு இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு குட்டி தாயின் முன்னங்கால்களுக்கு நடுவில் நின்று தும்பிக்கையால் தண்ணீர் குடிக்கத் தெரியாமல் மண்டியிட்டு வாயாலேயே குடித்தது. படகில் இருந்த அத்தனை பேரும் பேசுவதை நிறுத்தினார்கள்.

இரண்டாம் நாள் காலையில் வழிகாட்டியோடு காட்டுக்குள் நடையோ மூங்கில் மிதவைப் பயணமோ போகலாம். வயது வரம்பு உண்டு, முன்பே கேளுங்கள். இங்கே வழிகாட்டிகளில் சிலர் ஒரு காலத்தில் திருட்டுத்தனமாக வயணமரப் பட்டை (காட்டு இலவங்கப்பட்டை) உரித்தவர்கள். அவர்களையே காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் மாற்றிய காப்பகம் இது. காட்டின் ஒவ்வொரு ஒற்றையடிப் பாதையும் தெரிந்த கால்கள் அவர்களுடையவை. இந்தக் காப்பகத்துக்குள்தான் மங்கலதேவி கண்ணகி கோயிலும் இருக்கிறது. சித்ரா பௌர்ணமி ஒரு நாள் மட்டும்தான் அனுமதி. உங்கள் நாள் அதோடு பொருந்தினால் விடாதீர்கள்.

ஆறாம் படி: மூணாறு, இரவிகுளம் (3, 4ஆம் நாள்)

குமுளியிலிருந்து நெடுங்கண்டம், பூப்பாறை வழியாக மூணாறு சுமார் 110 கிலோமீட்டர், ஏலக்காய்த் தோட்டங்களின் நடுவே. வளைவு அதிகம், நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். தேக்கடியைத் தவிர்ப்பவர்கள் தேனியிலிருந்து போடி வந்து, 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டு வழியாக நேராக மூணாறு போகலாம்.

இரவிகுளம் தேசியப் பூங்கா 97 சதுர கிலோமீட்டர்தான். 1978இல் தேசியப் பூங்காவானது. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி, 2,695 மீட்டர், இதற்குள் இருக்கிறது. இங்கேயும் காரை வெளியே விட்டுவிட்டு வனத்துறைப் பேருந்தில் ராஜமலைக்குப் போக வேண்டும். முதல் பேருந்தைப் பிடியுங்கள். பத்து மணிக்கு மேல் போனால் ஆட்களின் முதுகைத்தான் பார்ப்பீர்கள்.

தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாட்டைப் பார்க்க இதைவிட எளிய இடம் கிடையாது. சாலையோரக் கல்வரிசையின் மேல் ஒரு பெண் ஆடு, பக்கத்தில் இரண்டு மாதக் குட்டி. எங்களுக்கும் அதற்கும் நான்கடி தூரம். உரோமம் நாயைப் போல் சொரசொரப்பாக, கண்ணுக்கு மேல் வெளிர்க்கோடு, குளம்பின் நடுவில் ரப்பர் போன்ற மெத்தை. அந்த மெத்தைதான் செங்குத்துப் பாறையில் வழுக்காமல் பிடித்துக்கொள்கிறது. அது எங்களைப் பார்த்துக்கொண்டே அசை போட்டது. "மேலூர்ச் சந்தையில் நிற்கிற வெள்ளாட்டின் பார்வைதான் இதற்கும்" என்றார் அம்மா. மகன் கையை நீட்டப் போனான். வனக்காவலர் தலையை மட்டும் அசைத்தார், கை திரும்பிவிட்டது. தொடுவதும் தீனி கொடுப்பதும் குற்றம். உப்பு ருசிக்குப் பழகிய ஆடு மலையை விட்டுச் சாலையோரம் நின்றுகொண்டே இருக்கும்.

குறிஞ்சி பூத்திருக்கிறதா என்று கேட்காத ஆள் இல்லை. நீலக்குறிஞ்சி 12 வருடத்துக்கு ஒரு முறை பூக்கும். இங்கே கடைசியாக 2018இல் பூத்தது, அடுத்தது 2030.

ஏழாம் படி: சின்னாறு வழியாகக் கீழே (5ஆம் நாள்)

இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த சாலை இது. மூணாற்றிலிருந்து மறையூர் 40 கிலோமீட்டர். தேயிலை முடிந்து சந்தனக் காடு தொடங்கும். ஒவ்வொரு சந்தன மரத்துக்கும் எண் எழுதியிருப்பார்கள். மறையூர் வெல்லம் இரண்டு கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்றது; அந்த மண்ணின் கரும்பு ருசியே வேறு.

மறையூரைத் தாண்டியதும் மலையின் மழை மறைவுப் பக்கம் வருகிறது. ஒரு மணி நேரத்துக்கு முன்பு குளிரில் நடுங்கிய நாம் இப்போது கள்ளியும் முள்மரமும் நிறைந்த காய்ந்த காட்டில் இருப்போம். சின்னாறு வனவிலங்குச் சரணாலயம் 90 சதுர கிலோமீட்டர் அளவில் சின்னது. ஆனால் நட்சத்திர ஆமையும் சாம்பல் நிற அணிலும் வாழும் இடம். சின்னாறு சோதனைச்சாவடியில் கட்டணம் கட்டினால் பழங்குடி வழிகாட்டி ஒருவர் காவல் கோபுரம் வரை நடத்திக் கூட்டிப் போவார். கேரளத்தில் இருந்தாலும் பேச்சு தமிழ்தான்.

எங்களோடு வந்தவர் முதுவர். எந்த ஊர் என்று கேட்டார். மதுரை என்றேன். "எங்களுக்கும் அதுதான் ஊர்" என்றார். மதுரை எரிந்த காலத்தில் மீனாட்சியின் சிலையை முதுகில் சுமந்துகொண்டு மலையேறி வந்தவர்கள் தங்கள் முன்னோர் என்று முதுவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். முதுகில் சுமந்ததால் முதுவர். அம்மா பையில் வைத்திருந்த மீனாட்சி குங்குமப் பொட்டலத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அவர் அதைச் சட்டைப் பையில் வைக்காமல், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அதற்குள் முடிந்துகொண்டார். பிறகு ஒன்றும் பேசாமல் முன்னால் நடந்தார். ஆற்றங்கரை மருத மரத்தில் அந்த அணிலைக் காட்டியவரும் அவரே. கையை நீட்டாமல், மோவாயை மட்டும் உயர்த்திக் காட்டினார்.

சின்னாற்றிலிருந்து உடுமலைப்பேட்டை வரை சாலை ஆனைமலைக் காப்பகத்தின் ஓரத்தில் போகிறது. இரவில் கட்டுப்பாடு உண்டு. மாலை 4 மணிக்குள் சோதனைச்சாவடியைக் கடந்துவிடுங்கள். நேரம் இருந்தால் அமராவதி அணை அருகே முதலைப் பண்ணையில் அரை மணி நேரம். இரவு பொள்ளாச்சி.

எட்டாம் படி: டாப்சிலிப், பரம்பிக்குளம் (6, 7ஆம் நாள்)

பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை சோதனைச்சாவடி வழியாக டாப்சிலிப் 35 கிலோமீட்டருக்கு மேல். வெட்டிய தேக்கு மரங்களை மலை உச்சியிலிருந்து சரித்து விட்ட இடம் என்பதால் வந்த பெயர். வெள்ளைக்காரர் காலத்தில் மொட்டையடிக்கப்பட்ட இந்தக் காட்டை மீண்டும் வளர்க்க வழி செய்த வன அதிகாரி ஹ்யூகோ வுட்டின் கல்லறை இங்கே இருக்கிறது. அவர் நடக்கும்போது பையில் தேக்கு விதை வைத்துக்கொண்டு, கைத்தடியால் குழி போட்டு ஊன்றிக்கொண்டே போவாராம். என்னைப் பார்க்க வேண்டுமானால் உங்களைச் சுற்றிப் பாருங்கள் என்ற பொருளில் லத்தீன் மொழியில் கல்லறை வாசகம். படித்துவிட்டு உண்மையாகவே சுற்றிப் பாருங்கள்.

பரம்பிக்குளம் கேரளத்தின் காப்பகம், 2010 முதல் புலிகள் காப்பகம். ஆனால் அதற்குச் சாலை நம் டாப்சிலிப் வழியாகத்தான். ஆனப்பாடி வாசலில் கிளம்பும் வனத்துறை வண்டிப் பயணம் பல மணி நேரம் பிடிக்கும், அதனால் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு ஏறுங்கள். கன்னிமரா தேக்கு என்ற மரத்தின் அடிமரச் சுற்றளவு ஏறத்தாழ 7 மீட்டர். நாங்கள் ஐந்து பேரும் கைகோத்தும் முழுதாக வளைக்க முடியவில்லை, வழிகாட்டி வந்து ஆறாவது கையாகச் சேர்ந்தார். ஒரு இரவு இங்கே தங்க அறை கிடைத்தால் அதைப் போன்ற இரவு வேறு எங்கும் கிடையாது. விளக்குகள் அணைந்த பிறகு மிளா என்ற கடமானின் எச்சரிக்கைக் குரல் கேட்டது, இரண்டே முறை. அவ்வளவுதான். மகள் விடியும் வரை தூங்கவில்லை.

வால்பாறையை இதே பயணத்தில் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். 40 கொண்டை ஊசி வளைவு, சிங்கவால் குரங்கு, இருவாச்சி எல்லாம் உண்மை. ஆனால் அது தனியாக நான்கு நாள் போக வேண்டிய இடம்.

ஒன்பதாம் படி: முதுமலை, பந்திப்பூர் (8, 9, 10ஆம் நாள்)

பொள்ளாச்சியிலிருந்து கோவை, மேட்டுப்பாளையம், ஊட்டி, கூடலூர் வழியாக முதுமலைக்குள் இருக்கும் தெப்பக்காடு ஏறத்தாழ 190 கிலோமீட்டர். ஒரே நாளில் நீண்ட ஓட்டம் இதுதான். காலை 5 மணிக்கே கிளம்புங்கள். கோடைக்காலத்தில் குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழி ஏற்பாடு செய்வது வழக்கம். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு 36 வளைவுள்ள கல்லட்டிப் பாதை வரைபடத்தில் குறுக்குவழியாகத் தெரியும். செங்குத்தான இறக்கம், விபத்து அதிகம். வெளியூர் வண்டிகளை அதில் இறங்க விடுவதில்லை. கூடலூர் வழியே போங்கள்.

முதுமலை 1940 முதல் சரணாலயம்; இன்றைய புலிகள் காப்பகத்தின் மையப் பகுதி மட்டும் 321 சதுர கிலோமீட்டர். தெப்பக்காடு யானைகள் முகாமில் காலையும் மாலையும் யானைகளுக்குக் கேழ்வரகு, கொள்ளு, வெல்லம் கலந்து உருண்டை பிடித்துக் கொடுப்பதைப் பார்க்கலாம். வனத்துறை வண்டிச் சவாரிக்கு விடியற்காலை முதல் வண்டி. மோயாற்றைத் தாண்டினால் கர்நாடகத்தின் பந்திப்பூர். 1973இல் புலித் திட்டம் தொடங்கியபோது சேர்த்த முதல் ஒன்பது காப்பகங்களில் ஒன்று. மனிதரைப் புலி தாக்கும் காலங்களில் அங்கே சவாரியை நிறுத்திவிடுவதும் உண்டு, அதனால் முன்பே விசாரியுங்கள். நிறுத்தியிருந்தாலும் காலை 6 மணிக்கு வாசல் திறந்ததும் அந்தச் சாலையில் மெதுவாக ஓட்டிப் போவதே போதும். பந்திப்பூர்ச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். 2009 முதல் உள்ள தடை. உள்ளே எங்கும் நிறுத்தவோ இறங்கவோ கூடாது.

சாலையில் யானை நின்றால்

இதைத் தனியாக எழுதுகிறேன், காரில் உள்ள எல்லோரையும் படிக்கச் சொல்லுங்கள். தூரத்தில் பார்த்ததுமே நிறுத்துங்கள். ஹார்ன் அடிக்காதீர்கள், விளக்கைத் தாழ்த்துங்கள், எஞ்சினை அணைக்காமல் வையுங்கள், பின்னால் வரும் வண்டி ஒட்டிக்கொண்டு நிற்காதபடி கையசைத்துச் சொல்லுங்கள். காதை மெல்ல ஆட்டிக்கொண்டு மேய்கிறது என்றால் அமைதியாக இருக்கிறது. ஆட்டத்தை நிறுத்தி, காதை விரித்து, உங்கள் பக்கம் திரும்பினால் மெதுவாகப் பின்னால் எடுங்கள். குட்டி ஒரு பக்கமும் தாய் மறுபக்கமும் இருந்தால் நடுவில் புகாதீர்கள். படம் எடுக்க யாரும் இறங்கக் கூடாது.

முதுமலையில் எங்களுக்கு முன்னால் நின்ற ஆண் யானை 25 நிமிடம் மூங்கில் ஒடித்தது. ஒடிக்கும் ஒவ்வொரு சத்தமும் காரின் தரையில் உணரும்படி இருந்தது. பின்னால் ஒருவர் ஹார்ன் அடிக்கத் தொடங்கியபோது என் மனைவி ஜன்னல் வழியாகத் தலையைத் திருப்பி, "அண்ணே, அதன் வீட்டு வாசலில் நிற்கிறோம், கொஞ்சம் பொறுங்கள்" என்றாள். அடங்கிவிட்டார். 2023 மே மாதம் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை கம்பம் நகருக்குள் வந்து நின்றதை நம் பக்கத்தில் எல்லோரும் பார்த்தோம். சின்னக்கானலில் அரிசிக்குப் பழகிய யானையைப் பெரியாற்றுக் காட்டில் கொண்டுவந்து விட்டார்கள், அது அங்கிருந்து இறங்கி வந்தது. பிறகு களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். சாலையோரம் நாம் வீசும் ஒரு பழம்கூட அப்படி ஒரு யானையை உருவாக்கும்.

பத்தாம் படி: திரும்பி வருவது (11ஆம் நாள்)

வந்த வழியே திரும்பாதீர்கள். குண்டல்பேட்டை, சாம்ராஜ்நகர், ஆசனூர் வழியாகத் திம்பம் மலைப்பாதையில் 27 வளைவுகள் இறங்கினால் பண்ணாரி. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் நடுவே வரும் பாதை. 2022 முதல் இரவு 9 முதல் காலை 6 வரை கார்களுக்குத் தடை. லாரிகளுக்கு மாலை 6 மணிக்கே தடை தொடங்கிவிடும். பகலில் லாரிகள் வளைவுகளில் சிக்கி நின்றுவிடுவதும் உண்டு, ஆகவே காலையிலேயே இறங்கிவிடுங்கள். பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டு, கோபி, காங்கேயம், தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் வழியாக மதுரை. மொத்தம் 370 கிலோமீட்டரை ஒட்டி வரும். களைப்பாக இருந்தால் சத்தியமங்கலத்தில் ஒரு இரவு தங்குங்கள். மலை முடிந்த பிறகு வரும் நேர்சாலையில்தான் கண் அசரும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக டிக்கியில் இருந்த குப்பை வாளியை இறக்கினோம். 11 நாளில் ஐந்து பேருக்கு முக்கால் வாளி. காலையில் மாநகராட்சி வண்டி வந்தபோது மக்குவதை ஒரு கூடையிலும் மற்றதை இன்னொரு கூடையிலும் பிள்ளைகளே பிரித்துப் போட்டார்கள்.